வாயசைப்பு

கென்கே கிண்டுகிற வீட்டுப் பெண் படம் பிடிக்கிற படிப்புக்குப் போகிறாள் என்று தெரிந்தபோது எங்கள் தெரு ஒன்றும் சொல்லவில்லை. சிரித்தது, அவ்வளவுதான். கல்யாணப் படம் எடுக்கிறவன் எவன் படித்துவிட்டு வந்தான் என்று மீன்காரிகள் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் அந்தப் பெண்ணின் அம்மா அஃபோலேதான். சிரித்துக்கொண்டே பணமும் கட்டினாள்.

தலைநகர் அக்ராவிலிருந்து கடற்கரைச் சாலையோடு கிழக்கே வந்து டெஷியையும் தாண்டினால் எங்கள் தெரு. தெருமுனையில் தகரக் கொட்டகை போட்டு அஃபோலே கென்கே என்கிற சோள மாவு உருண்டை அவிக்கிறாள். ஒட்டினாற்போல நான் மீன் பொரிக்கிறேன். என் மீன் இல்லாமல் அவள் கென்கே யார் தொண்டையிலும் இறங்காது, அவள் கென்கே இல்லாமல் என் மீனை யாரும் சீந்த மாட்டார்கள். அதனால்தான் இத்தனை வருஷம் சேர்ந்திருக்கிறோம். இதற்கு அன்பு என்று யாராவது பெயர் வைத்தால் அஃபோலே காறித் துப்புவாள்.

அவளுக்கு எதைப் பார்த்தாலும் இளக்காரம். ரொட்டி தின்கிறவர்கள் பல்லில்லாதவர்கள். சோறு தின்கிறவர்கள் சோம்பேறிகள். தேமாவில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிற புருஷனைப் பற்றிக் கேட்டால், "அவனா? படகு ஓட்டை, அதுல மீன் வேற பிடிக்கப் போறானாம்" என்பாள். அவள் வேலை அப்படிப்பட்டது. சோளத்தை ஊறவைத்து, மில்லில் அரைத்து, மாவைப் புளிக்கவிட்டு, பாதி மாவை அண்டாவில் கொட்டி, ஆள் உயரத் துடுப்பால் கிண்ட வேண்டும். கை நின்றால் அடி பிடிக்கும். பிறகு மீதிப் பச்சை மாவோடு சேர்த்துப் பிசைந்து, உருட்டி, சோளத் தோலில் சுற்றி, மறுபடியும் அவிக்க வேண்டும். புகை கண்ணிலும் தலைமுடியிலும் உட்கார்ந்துவிடும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

மகள் லாமிலேக்கு அந்தப் புகைதான் பகை. வாரம் முழுக்கக் கல்லூரி விடுதியில் இருப்பாள், சனிக்கிழமை வந்து அம்மாவுக்கு உருண்டை சுற்றித் தருவாள், ஞாயிறு மாலை தலைக்குக் குளித்துவிட்டுப் போவாள். கல்லூரித் துணிகளைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து தையற்காரி வீட்டில் வைத்திருந்தாள். என் வீட்டில் வைக்கவில்லை. புகைக்குப் பதில் மீன் வாசம் பிடிக்குமாம்.

கூடப் படிக்கிறவர்களிடம் அவள் கேப் கோஸ்ட்டுக்காரி என்று சொல்லியிருந்தாள். அப்பா சுங்க இலாகாவாம், அக்ராவில் ஸ்பின்டெக்ஸ் சாலையில் மாமா வீடாம். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடைசிப் பருவத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு பாட்டுக்குப் படம் எடுத்துக் காட்ட வேண்டுமாம். டோக்பே என்று ஒரு வாத்தியார். "கேமராவைத் தொடறதுக்கு முன்னாடி பாட்டைக் கூறு போடுங்க. எந்த வரிக்கு யார் நிக்கிறாங்க, எங்க நிக்கிறாங்க, முகம் மட்டுமா, முழு ஆளா, எல்லாத்தையும் கோடு போட்டு வரைஞ்சு கொண்டாங்க. அது இல்லாம எவனும் என் கண்ணுல படாதீங்க" என்று சொல்லிவிட்டார். திட்டம் போடுகிற வேலை லாமிலேக்கு வந்தது. டைரக்டர் வேலையை ரெஜி என்கிற பையன் தானே எடுத்துக்கொண்டான். கேமரா அவனுடையது, கார் அவனுடையது, அப்புறம் வேறு யார் டைரக்டர் ஆவது? கேமரா பிடிக்க ஒருவன். அவன் பேசி நான் கேட்டதில்லை. பாடுகிறவன் கிங் பிளாட்டினம். அம்மா வைத்த பெயர் எபனேசர். அப்பாவுக்கு மூன்று ஊரில் சிமென்ட் கடை. அவன் எழுதின பாட்டு இது: 'புகைக்குள்ளே பொறந்தேன், பொன்னாக வளந்தேன்.'

புகை வேண்டுமல்லவா? ரெஜி காரில் கடற்கரைச் சாலையில் போகும்போது எங்கள் தெருப் புகையைப் பார்த்துவிட்டான்.

அது எங்களுக்குச் சத்தம் போடக் கூடாத மாதம். ஹோமோவோ திருவிழாவுக்கு முன்னால் வருகிற மாதம். விதைத்த சோளம் முளைத்து வர தெய்வங்களுக்கு அமைதி வேண்டும். மேளம் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, சர்ச்சில்கூடக் கை தட்டாமல்தான் பாடுவார்கள். வானம் மூடிக் கிடக்கும். கடலிலிருந்து குளிர்ந்த தூறல் வந்துகொண்டே இருக்கும், விறகு ஈரமாகிப் புகை இன்னும் கூடும். அப்படி ஒரு காலையில் பெரிய வெள்ளைக் கார் ஒன்று எங்கள் கொட்டகை முன்னால் நின்றது. முதலில் ரெஜி இறங்கினான். கால்சட்டையில் சேறு படாமல் தாவித் தாவி வந்தான். பின்னால் பாட்டுக்காரன். அவனுக்குப் பின்னால், கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, லாமிலே.

அஃபோலே துடுப்போடு நிமிர்ந்தாள். 'என்னடி இந்நேரத்துல' என்று வாயைத் திறந்தவளை, லாமிலே முந்திக்கொண்டாள். இங்கிலீஷில் சொன்னாள்:

"குட் மார்னிங், மேடம். இது உங்க கடைங்களா?"

மாவு அண்டாவில் ஒரு குமிழி வெடித்தது. அஃபோலே மகளைப் பார்த்தாள். தலையிலிருந்து கால் வரை பார்த்தாள், சந்தையில் அழுகிய தக்காளியைப் பார்ப்பது மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பி எங்கள் கா பாஷையில் கேட்டாள்:

"ஷோர்மே, யாருடி இந்தப் பொண்ணு? பாக்க அழகா இருக்கு. இங்கிலீஷெல்லாம் பேசுது."

ரெஜிக்கு கா பாஷையில் ஒரு சொல் தெரியாது. கேப் கோஸ்ட்டுக்காரியாக வந்த லாமிலேக்கும் தெரியக் கூடாது. நான் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் வீட்டில் சமைத்தவள். அதனால் மொழிபெயர்க்கிற பாவம் என் தலையில் விழுந்தது.

"என்ன சொல்றாங்க ஆன்ட்டி?" என்றான் ரெஜி.

"வாங்க, வாங்கன்னு சொல்றா."

அவன் கொட்டகையைச் சுற்றி வந்தான். கரி பிடித்த கூரையைத் தொட்டுவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டான். "பிரமாதம். இதைத்தான் தேடினேன். வறுமை அப்படியே சொட்டுது" என்று பாட்டுக்காரனிடம் சொன்னான்.

"இவன் எதைப் பாத்து மூக்கைச் சுளிக்கிறான்?" என்று அஃபோலே கேட்டாள். "தூக்கி அண்டாவுல போட்டா ஒரு பானை சூப்புக்குக்கூடத் தேற மாட்டான்."

"இடம் நல்லா இருக்கான்னு கேக்கறா" என்றேன்.

லாமிலே காலடியில் கிடந்த சோளத் தோலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எல்லாம் புரிந்தது. புரியாத மாதிரி நிற்பதற்கு அவள் பட்ட பாட்டை நான்தான் பார்த்தேன்.

சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தபோது அஃபோலே பெஞ்சைத் துணியால் துடைத்துப் போட்டாள். வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற பெஞ்சு.

"உக்காருங்க மேடம். மீன் பொரிச்சதா, சுட்டதா?"

"அம்மா, விளையாடாதே."

"மிளகாய் அதிகமா வைக்கவா, கொஞ்சமா வைக்கவா? கேப் கோஸ்ட்டுல காரம் சாப்பிடுவீங்களோ என்னவோ."

"அம்மா, அவங்க எல்லாம் சிரிப்பாங்கம்மா. உனக்குத் தெரியாது. கென்கேக்காரி பொண்ணுன்னா வரைஞ்சதைக்கூடப் பாக்க மாட்டாங்க. மாவு பிசையப் போன்னுடுவாங்க."

"சிரிச்சா என்ன? உனக்குப் பல்லு கொட்டிருமா?"

"நான் வேணாம்னு சொல்லிடறேன். வேற இடம் பாக்கச் சொல்றேன்."

"ஏன்? வரட்டும். கூலி இல்லாம கூத்து பாக்கக் கசக்குமா?" என்றாள் அஃபோலே. அன்று மாலையே தெருவுக்குக் கட்டளை போட்டாள். தையற்காரி, கரி விற்கிறவள், மில்காரன், என்னையும் சேர்த்து எல்லோருக்கும் ஒரே சொல்: அந்தப் பெண்ணை யாருக்கும் தெரியாது. எங்கள் தெருவுக்கு இதைவிட நல்ல வேடிக்கை எப்போது கிடைத்தது? ஒருவர்கூட மறுக்கவில்லை.

படம் எடுக்கிற நாளும் வந்தது. லாமிலே போட்டிருந்த திட்டத்தைக் கேமராக்காரன் மடியில் விரித்து வைத்திருந்தான். எட்டிப் பார்த்தேன். பாட்டின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் குச்சி மனிதர்கள். எந்த நேரத்தில் வெளிச்சம் கொட்டகைக்குள் வரும், அஃபோலே எப்போது கிண்டுவாள், எப்போது உருட்டுவாள் என்று எல்லாம் இருந்தது. வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் கேமரா எங்கே நிற்க வேண்டும் என்றுகூடக் குறித்திருந்தாள். கொட்டகையில் பிறக்காதவளுக்கு அது தெரியாது. ரெஜிக்கு அதைப் பற்றி யோசிக்கவும் தெரியவில்லை. மேலே பெரிய எழுத்தில் 'ஸ்பீக்கர் கூடாது' என்று எழுதியிருந்தாள். பாடுகிறவன் காதுக்குள் சின்னதாக ஒன்றை மாட்டிக்கொண்டு, பாட்டைக் கேட்டு வாயசைக்க வேண்டும். சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். தலை முதல் கால் வரை பாட்டை ஒரு கோணத்தில் எடுத்து, மறுபடி முதலிலிருந்து வேறு கோணத்தில் எடுக்க வேண்டும், பிறகு வெட்டி ஒட்ட.

"ஸ்பீக்கர் ஏன் கூடாது?" என்றான் ரெஜி.

"இங்க சத்தத் தடை. பேப்பர்ல படிச்சேன்" என்றாள் லாமிலே.

"எந்தக் காலத்துல இருக்காங்க இவங்க!"

அன்று அஃபோலே இருக்கிறதிலேயே நல்ல துணியை உடுத்தியிருந்தாள். சர்ச்சுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுக்கிற ஆரஞ்சும் நீலமும் கலந்த ஜாக்கெட்டும் பாவாடையும், தலையில் அதே துணியில் கட்டு. அதோடு நின்று மாவு கிண்டினாள். ரெஜி தலையில் அடித்துக்கொண்டான்.

"ஆன்ட்டி, இது கல்யாண வீடு இல்லை. கிழிஞ்ச துணி ஏதாச்சும் இருந்தா போட்டுக்கச் சொல்லுங்க."

நான் சொன்னேன். அஃபோலே கிண்டுவதை நிறுத்தாமல் பதில் சொன்னாள்: "அவங்கம்மா கிழிச்சுப் போட்டது ஏதாவது கார்ல இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லு. எங்க வீட்டுல கிழிஞ்சதை அடுப்பு துடைக்கத்தான் வெச்சிருக்கோம்."

கரிக்காரி மேல்துணி நுனியை வாயில் அடைத்துக்கொண்டாள். லாமிலே இருமினாள். ரெஜி என்னைப் பார்த்தான்.

"கிழிஞ்சது கிடையாதாம் சார்."

பாட்டுக்காரன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அண்டா பக்கத்தில் போய் நின்றான். காதில் பாட்டு ஓடியது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தமில்லாமல் கையை ஆட்டுகிறான், இடுப்பை வெட்டுகிறான், வாயைத் திறந்து திறந்து மூடுகிறான். கரையில் இழுத்துப் போட்ட மீன் மாதிரி இருந்தது. தெருப் பெண்கள் அத்தனை பேரும் வேலியோரம் கூடிவிட்டார்கள். புகை போதவில்லை என்று ரெஜி ஈரச் சோளத் தோலை அடுப்பில் தள்ளினான். புகை அவன் கேட்டதைவிட நன்றாகவே வந்தது. 'புகைக்குள்ளே பொறந்தேன்' வரியில் பாட்டுக்காரன் இருமி, கண்ணீர் வடித்து, கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே ஓடினான்.

"புகையில பொறந்த புள்ளைக்குப் புகை ஒத்துக்கலையாம்" என்றாள் தையற்காரி. மறைக்காமல் சிரித்தோம்.

லாமிலேதான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, வரி வரியாகச் சொல்லிக் கொடுத்து, மறுபடி நிற்க வைத்தாள். அவன் வாய் பாட்டுக்குப் பின்னாலேயே ஓடியது. எத்தனை தரம் எடுத்தாலும் பிடிக்க முடியவில்லை. "சத்தமா கேட்டாத்தான் எனக்கு வரும். இதென்ன, காதுக்குள்ள கொசு பாடுற மாதிரி" என்று கத்தினான்.

ரெஜி கார் டிக்கியைத் திறந்தான். உள்ளே பீப்பாய் அளவு ஸ்பீக்கர்.

"வேணாம் ரெஜி" என்றாள் லாமிலே. ஓடிப்போய் டிக்கிக் கதவைப் பிடித்தாள். "நெஜமா வேணாம். இது இவங்களுக்குப் பெரிய விஷயம். அபராதம் கடைக்காரங்க மேல விழும்."

"ஒரே ஒரு டேக். உனக்கு ஏன் இவ்வளவு பயம்? உன் வீடா இது?"

அவள் கை கதவிலிருந்து தானாக இறங்கிவிட்டது.

பாட்டு வெடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. ஒரு மாதமாக மூச்சடக்கிக் கிடந்த தெருவில் அந்தச் சத்தம் கல்லால் அடித்தது மாதிரி விழுந்தது, நாய்கள் ஓடின. பாட்டு பாதிகூடப் போகவில்லை, பூசாரி வீட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்னால் அஷிட்டே, லாமிலேயோடு சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஒயரைப் பிடுங்கினான், ஸ்பீக்கரைத் தூக்கச் சொன்னான். திரும்பியவன் அவளைப் பார்த்தான்.

"லாமிலே! உனக்குமா தெரியாது? அஃபோலே பொண்ணா இருந்துகிட்டு நீயே இப்படிச் செய்யலாமா?"

கா பாஷையில்தான் சொன்னான். ரெஜி, "என்ன சொல்றான்? என்ன சொல்றான்?" என்றான். லாமிலே உதடு அசைந்தது, ஆனால் சத்தம் வரவில்லை.

அஃபோலே துடுப்பை அண்டா விளிம்பில் தட்டிச் சாய்த்துவிட்டு வந்தாள்.

"அஷிட்டே, கண்ணு மங்கிப் போச்சா? என் பொண்ணு காலேஜ்ல படிக்கிறா. இது யாரோ கேப் கோஸ்ட்டுப் புள்ளை. இவங்களை உள்ள விட்டது நான். வீடு என்னுது. என்ன கேக்கணுமோ என்னைக் கேளு."

அஷிட்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "அப்ப நீங்கதான் வரணும்" என்றான். லாமிலே நிமிரவில்லை. காரில் ஏறி உட்கார்ந்தாள். கார் போய்விட்டது.

மறுநாள் அஃபோலே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பூசாரி வீட்டு முற்றத்தில் தரையில் உட்கார்ந்தாள். நான் வாசலில் நின்றேன். வெள்ளைத் துணி உடுத்திய பூசாரி கோபமாக ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அந்த வாரம் முழுக்க அடுப்பு மூட்டக் கூடாது என்று மட்டும் சொன்னார். ரெஜியின் டிரைவர் அபராதமாக ஒரு பாட்டில் ஜின்னோடு வந்து குனிந்து நின்றான். பிடுங்கி வைத்த ஸ்பீக்கர் அன்றைக்கே காரில் ஏறிப் போய்விட்டது.

புளித்த மாவு காத்திருக்குமா? தொட்டி தொட்டியாகப் புளிப்பு ஏறி, நுரைத்து, தெருவெல்லாம் நாறியது. அஃபோலே தானே சுமந்துபோய்ப் பன்றி வளர்க்கிறவன் கொல்லையில் கொட்டினாள். யாரையும் கை வைக்க விடவில்லை. என் மீனைச் சனங்கள் ரொட்டியோடு வாங்கித் தின்றார்கள். அதைப் பார்த்தபோதுதான் அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது.

சனிக்கிழமை லாமிலே வந்து அணைந்த அடுப்பைப் பார்த்தாள்.

"ஏம்மா எனக்குச் சொல்லலை?"

"மேடத்தோட நம்பர் எங்கிட்ட இல்லையே."

"நான் போய்ப் பூசாரிகிட்டச் சொல்றேன். நான்தான் கூட்டிட்டு வந்தேன்னு சொல்றேன்."

"என்னன்னு? கேப் கோஸ்ட்டுலேருந்து வந்திருக்கேன்னா?"

அவள் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அங்கே இருந்தவர்கள், "அது முடிஞ்சு போச்சும்மா. உங்கம்மா உக்காந்துட்டுப் போயிட்டா. எந்திரி, போ" என்று அனுப்பிவிட்டார்கள். அவள் சொன்னது யாருக்கும் தேவைப்படவில்லை.

ஹோமோவோ வந்தது. தடை நீங்கி மேளம் முழங்கியது. வேகவைத்த சோள மாவும் எண்ணெய்ப் பனம்பழச் சூப்பும் மீனுமாக, வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே பாத்திரத்தில் கை போட்டுச் சாப்பிடுகிற நாள் அது. சண்டை போட்டவர்கள்கூட அன்றைக்குச் சேர்ந்து உட்காருவார்கள். அஃபோலே மகளுக்குத் தனித் தட்டில் வைத்தாள். பக்கத்தில் கரண்டியும் வைத்தாள். லாமிலே அந்தக் கரண்டியாலேயே, ஒரு துளி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அதைப் பார்க்க எனக்குப் பசி போய்விட்டது. வேடிக்கை போதும் என்று அஃபோலேயிடம் சொன்னேன். "உன் மீனைத் திருப்பிப் போடு, கருகுது" என்றாள்.

பிறகு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. படங்களைத் திரையிடப் போகிறார்கள், படத்தில் வந்தவர்களும் வர வேண்டும் என்று டோக்பே வாத்தியார் சொல்லி அனுப்பியிருந்தார். அஃபோலே வர மாட்டாள் என்று நினைத்தேன். அதே ஆரஞ்சும் நீலமும் உடுத்திக்கொண்டு எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள்.

குளிர்சாதன அறை. மெத்தை நாற்காலிகள். ரெஜி மேடையேறி, "இந்த மக்களை நாங்க கண்டுபிடிச்சோம்" என்று ஆரம்பித்து நிறையப் பேசினான். விளக்கை அணைத்தார்கள்.

பொய் சொல்லக் கூடாது, படம் நன்றாகவே இருந்தது. வெட்டி ஒட்டினது லாமிலே. பாட்டுக்காரன் வாய் எங்கெல்லாம் பின்தங்கியதோ அங்கெல்லாம் அவனை எடுத்துவிட்டு அஃபோலேயின் கையை வைத்திருந்தாள். துடுப்பைப் பிடிக்கிற கை, உருட்டுகிற கை, சோளத் தோலை மடிக்கிற விரல். பாட்டு அந்தக் கைக்காகவே போட்டது மாதிரி இருந்தது. ஆனால் நிறத்தையெல்லாம் உருவி எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கியிருந்தார்கள். கடைசியில் 'மறக்கப்பட்ட மனிதர்களுக்கு' என்று எழுத்து வந்தது. அந்த இரண்டும் ரெஜியின் வேலை.

"என் ஜாக்கெட்டோட நிறம் எங்கடி?" என்றாள் அஃபோலே இருட்டில். "அத்தனையும் சாம்பலா இருக்கு. செத்தவளுக்குப் போட்ட மாதிரி."

கை தட்டல் முடிந்து விளக்கு வந்ததும் வாத்தியார் எங்கள் பக்கம் வந்தார். "அம்மா, படம் எப்படி இருக்கு?" நான் கேட்டுச் சொன்னேன்.

"பாட்டு பரவாயில்லை. பாடுறவனுக்கு என்ன வியாதி?" என்றாள். அப்படியே மொழிபெயர்த்தேன். பூசி மெழுகி எனக்கும் அலுத்துப் போயிருந்தது. அறை சிரித்தது, பாட்டுக்காரன் நாற்காலியில் கீழே நழுவினான்.

வாத்தியாரும் சிரித்தார். "இந்தப் படத்துக்கு முழுத் திட்டமும் போட்டது, வெட்டினது இந்தப் பொண்ணு. நான் பாத்ததுலயே சுத்தமான திட்டம். உங்களுக்கு இவளை ஞாபகம் இருக்கா?"

லாமிலே முன் வரிசையில் எழுந்து நின்றாள். அஃபோலே அவளை நிதானமாகப் பார்த்தாள்.

"இருக்கு. ஒரு நாள் எங்க தெருவுக்கு வந்துச்சு. மரியாதையா குட் மார்னிங் சொல்லுச்சு. நல்ல புள்ளை. பெத்தவ யாரோ, குடுத்து வெச்சவ."

அதை மொழிபெயர்க்க எனக்கு நாக்கு எழவில்லை. வாத்தியார் காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஷோர்மே ஆன்ட்டி, நீங்க விடுங்க" என்றாள் லாமிலே, கா பாஷையில். பிறகு அறையைப் பார்த்துத் திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இங்கிலீஷில் சொன்னாள். "ஒரு நாள் நான் அவங்க தெருவுக்கு வந்தேன்னு சொல்றாங்க. நான் அங்கதான் பொறந்தேன். அந்தக் கொட்டகையிலதான் வளந்தேன். இவங்க என் அம்மா. நான் கேப் கோஸ்ட் இல்லை, எங்கப்பா சுங்கத்துல இல்லை. என்னால இவங்க அடுப்பு ஒரு வாரம் அணைஞ்சு கிடந்துச்சு. நான் அன்னைக்கு வாயைத் திறக்கலை."

ரெஜி முதலில் திகைத்தான். பிறகு அவன் முகம் மலர்ந்துவிட்டது. "ஏன் இதை முன்னாடியே சொல்லலை? அப்படியே இன்னொரு தரம் சொல்லு, கேமராவை எடுக்கறேன்! இதுதான் படம்!"

"உக்காருடா" என்றாள் லாமிலே. அந்த ஒரு சொல்லில் அஃபோலே இருந்தாள். குரல், கழுத்து திரும்பின விதம், கண்ணோரத்து இளக்காரம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. ரெஜி உட்கார்ந்துவிட்டான்.

நான் அஃபோலேயைப் பார்த்தேன். அவள் தலைக்கட்டைச் சரி செய்துகொண்டிருந்தாள். "முடிஞ்சுதா? வா போகலாம். ராத்திரிக்குச் சோளம் ஊறப்போடணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தாள்.

லாமிலே பின்னாலேயே வந்து அதே ட்ரோட்ரோ வேனில் ஏறினாள். வண்டியில் கால் வைக்க இடமில்லை. கோழிக் கூடை, சிமென்ட் மூட்டை, வேலை முடிந்து திரும்புகிறவர்கள், தூங்கி வழிகிற நர்ஸ் ஒருத்தி. அஃபோலேயும் நானும் நடு வரிசை, லாமிலே கதவோரம். மாலை வெயில் சாய்ந்து உள்ளே அடித்தது. கண்டக்டர் தொங்கிக்கொண்டே கையை நீட்டினான். அஃபோலே துணியில் முடிந்த காசு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"அவங்களுக்கும் சேர்த்து எடுத்துக்க" என்றாள் லாமிலே, காசை நீட்டி.

"யாருக்கு? ஒண்ணா வந்தீங்களா நீங்க?" கண்டக்டர் சந்தேகமாகப் பார்த்தான். நடுவில் அத்தனை ஜனம்.

"அந்த ஆரஞ்சுத் துணிக்காரங்களுக்கு. எங்கம்மா அவங்க!" வண்டி சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது. தூங்கின நர்ஸ் விழித்துக்கொண்டாள். எல்லாத் தலையும் அஃபோலே பக்கம் திரும்பியது.

"நெஜமாவா ஆன்ட்டி?" என்றான் கண்டக்டர். "உங்க பொண்ணா?"

அஃபோலே முடிச்சை மறுபடி கட்டி இடுப்பில் செருகினாள். என் விலா எலும்பில் அவள் முழங்கை இடித்தது. பிறகு கழுத்தை உயர்த்தி வண்டி முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

"ஆமாய்யா, என் பொண்ணுதான். நான்தான் பெத்தேன். யாருக்காச்சும் வேணும்னா இப்பவே கூட்டிட்டுப் போங்க. கூட ஒரு மூட்டை சோளமும் தர்றேன்."

வண்டி குலுங்கிச் சிரித்தது. கடைசி வரிசையில் சிமென்ட் மூட்டைக்காரன் கையைத் தூக்கினான்.

"சோளத்தை மட்டும் குடுங்க ஆன்ட்டி, போதும்!"

முதலில் சிரித்தது லாமிலேதான். முகத்தைக் கையில் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் சிரித்தாள். அஃபோலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பாரு, எது தேறும்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு" என்றாள் என்னிடம்.